எந்திரமும் இன்னொரு கடவுளோ?

கடிகாரம் ஒன்று வைத்திருந்தான், சிறையில் அடைத்துவிட்டார்கள்!

களவாடிய கடிகாரமன்று, கள்ளத்தனமாகக் கடத்தி வந்ததுமன்று. காசு கொடுத்து வாங்கியது, காலம் காட்டுவது. ஆயினும் அதைக் கண்டதும் அந்நாட்டு நடுவரின் முகம் கறுத்தது; கண்கள் சிவந்தன. பயணியை அழைத்துச் சென்று ஒரு காட்சிக்கூடத்தைக் காட்டினார். அங்கே உடைந்த எந்திரங்கள், ஒடிந்த சக்கரங்கள், துருவேறிய உருளைகள்! செத்த விலங்குகளின் எலும்புக்கூடுகளை வரிசையாக வைப்பதுபோல், செத்துப்போன எந்திரங்களை வரிசையாக வைத்திருந்தனர். 271 ஆண்டுக் காலத்தில் கண்டுபிடிக்கப்பட்ட எந்திரங்கள் அனைத்தையும் அழித்துவிட வேண்டும் என்று முன்னொரு காலத்தில் தீர்மானித்து, அழித்தும் முடித்துவிட்ட நாடு அது.

எந்த நாடு அது என்று உலகப் படத்தைத் தேட வேண்டாம், தோழர்களே! கிடைக்காது. சாமுவேல் பட்லர் என்னும் ஆங்கில எழுத்தாளர் தம் கற்பனையில் கண்டு, 1872ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட நாடு அது. பெயர் ‘எரிவான்’. ‘எங்குமில்லை’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டு அமைத்த பெயர். எங்குமில்லாத நாட்டைக் காட்டி, எங்கும் உள்ள சிக்கலைச் சிந்திக்கச் செய்தார் பட்லர்.

யார் இந்தப் பட்லர்? பாதிரியாரின் மகன், பாதிரியாராகவே ஆக வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர். இலண்டனில் ஏழைச் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபோது ஒன்றைக் கவனித்தார். ஞானமுழுக்குப் பெற்ற பிள்ளைகளும் இருந்தனர். பெறாத பிள்ளைகளும் இருந்தனர். நடத்தையில் இரு சாராருக்கும் இடையே எந்த வேறுபாடும் தென்படவில்லை. அப்படியானால் அந்தச் சடங்கு செய்தது என்ன? கேள்வி பிறந்தது, கேள்வி வளர்ந்தது, பாதிரியார் பதவி வேண்டாம் என்று உதறிவிட்டு, 1859இல் நியூசிலாந்துக்குக் கப்பலேறினார். அங்கே ஆட்டுப்பண்ணை நடத்தினார். அதே 1859இல்தான் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளிவந்தது. பண்ணை வீட்டில் அமர்ந்து அந்நூலைப் படித்தார் பட்லர். 1863ஆம் ஆண்டு ஜூன் திங்களில், கிறைஸ்ட்சர்ச் நகர இதழ் ஒன்றில், ‘எந்திரங்களிடையே டார்வின்’ என்ற தலைப்பில், புனைபெயரில் ஒரு கட்டுரை தீட்டினார்.

உயிரினங்கள் படிப்படியாக வளர்ந்தன என்றால், எந்திரங்களும் படிப்படியாகத்தானே வளர்கின்றன? நெம்புகோலிலிருந்து நீராவிப்பொறி வரை வந்துவிட்டதே! இப்படியே வளர்ந்தால், நாளை உலகை ஆளப்போவது யார்? இதுதான் அவர் கேட்ட கேள்வி. பின்னர் ‘எரிவான்’ நூலிலே இன்னும் கூர்மையாகக் கேட்டார். பூ தன் இனத்தைப் பெருக்கத் தேனீயைப் பயன்படுத்திக்கொள்கிறது. தேனீயோ, தேனுக்காகத்தான் பறப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. மனிதனும் அப்படித்தானோ? எந்திரம் தனக்கு உழைக்கிறது என்று எண்ணிக்கொண்டே எந்திரத்துக்கு உழைத்துக்கொண்டிருக்கிறானோ? அதற்குக் கரி அள்ளிப் போட்டு, எண்ணெய் ஊற்றி, அதன் இனத்தையும் பெருக்கிக்கொண்டு?

நூற்றுஅறுபது ஆண்டுகளுக்கு முன் கேட்கப்பட்ட கேள்வி இது. இன்றும் விடை வேண்டி நிற்கிறது. கையளவுக் கருவி கவிதை எழுதுகிறது, கணக்குப் போடுகிறது, கேட்ட வினாவுக்கெல்லாம் கணப்பொழுதில் விடை தருகிறது. அதைக் கண்டு வியந்து நிற்கும் இந்நாளில், அந்தக் கேள்வியின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு வழிகாட்டுவது அறிவியல் புனைகதை. பொழுதுபோக்கு எழுத்து என்று பலர் ஒதுக்கிவைத்த அந்த இலக்கியம், இருநூறு ஆண்டுகளாக இந்த ஒரு கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டு வந்திருக்கிறது: கருவி வளரும்போது மனிதன் வளர்கிறானா, தேய்கிறானா?

கதைகளுக்கு முன் களத்தைப் பார்ப்போம். 1811ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் நாட்டிங்காம் வட்டாரம். இரவோடிரவாகப் பின்னலாடைத் தறிகள் உடைக்கப்பட்டன. உடைத்தவர்கள் தம்மை ‘லட்’ என்ற கற்பனைத் தலைவனின் படையினர் என்று சொல்லிக்கொண்டனர். ‘லட்டைட்’ என்றாலே அறிவியலை வெறுக்கும் அறிவிலி என்று இன்று பொருள் சொல்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் தறியோடு பிறந்து தறியோடு வளர்ந்தவர்கள். எந்திரத்தை நன்கறிந்த கைவினைஞர்கள். எந்திரத்தைக் காட்டிக் கூலியைக் குறைத்தான் முதலாளி. தொழில் பழகாதவரைக் கொண்டு மட்டமான சரக்கைச் செய்து குவித்தான். கேட்டால் வாயிலைக் காட்டினான். அந்த அநீதியைத்தான் அவர்கள் அடித்தார்கள். அடி விழுந்தது தறியின்மேல். அரசாங்கம் என்ன செய்தது? 1812இல் சட்டம் இயற்றியது. தறியை உடைத்தவனுக்குத் தூக்கு! மரச்சட்டம் ஒன்றுக்கு மனித உயிர் ஒன்று விலை! பிரபுக்கள் அவையில் அதை எதிர்த்து முழங்கினான் ஓர் இளங்கவிஞன். பைரன் அவன் பெயர். வயது இருபத்து நான்கு. அந்த அவையில் அவன் நிகழ்த்திய முதல் பேச்சே அதுதான்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1816இல், அதே பைரன் செனீவா ஏரிக்கரையில் நண்பர்களோடு தங்கியிருந்தான். மழை விடாது பெய்த கோடைக்காலம். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று பேச்சு எழுந்தது. பதினெட்டு வயது மங்கை ஒருத்தி எழுதத் தொடங்கினாள். ‘பிராங்கன்ஸ்டைன்’ என்ற பெயரில் 1818இல் அது வெளியாயிற்று. எழுதியவர் மேரி ஷெல்லி. பேய்க்கதை எழுதப் புகுந்தவர், பேயே இல்லாத கதை எழுதினார். அதில் மந்திரம் இல்லை, மாயம் இல்லை, தெய்வச் செயல் இல்லை. ஆய்வுக்கூடம் உண்டு, ஆராய்ச்சி உண்டு. அறிவியல் புனைகதையின் தொடக்கம் அது என்று பலரும் கொள்வது இதனால்தான்.

அந்தக் கதையில் பெரும்பாலோர் மறந்துவிட்ட பகுதி ஒன்று உண்டு. விக்டர் என்னும் இளைஞன் செயற்கை மனிதனைப் படைக்கிறான். படைத்தவுடன் அதன் உருவம் கண்டு அருவருத்து ஓடிவிடுகிறான். கைவிடப்பட்ட அந்தப் படைப்பு என்ன செய்கிறது? ஒரு குடியானவர் வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்துகொள்கிறது. சுவர் இடுக்கு வழியே அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு மொழி கற்கிறது. கண்டெடுத்த நூல்களைத் தானே படிக்கிறது. புளூடார்க்கைப் படிக்கிறது, மில்டனைப் படிக்கிறது, கதேயைப் படிக்கிறது. எவரும் கற்பிக்கவில்லை, எவரும் ஏற்கவுமில்லை, ஆயினும் கற்றது! கல்லூரி கண்ட விக்டர் தன் செயலின் விளைவுக்குப் பொறுப்பேற்க மறுத்தான். கொட்டகையில் கிடந்த படைப்போ முயன்று முயன்று மனத்தை வளர்த்துக்கொண்டது. மனிதத்தன்மை பிறப்பில் வருவதா, முயற்சியில் வருவதா? அந்த மங்கை தந்த விடையை நம் இளைஞர்கள் நெஞ்சில் எழுதிக்கொள்ளட்டும்.

அடுத்து வந்தவர் எச்.ஜி.வெல்ஸ். சிறு கடைக்காரரின் மகன். தாய் மாளிகை ஒன்றில் பணிமகள். துணிக்கடையில் எடுபிடியாக நின்ற அந்தச் சிறுவன், உதவித்தொகை பெற்று இலண்டனில் அறிவியல் பயின்றான். டார்வின் கொள்கைக்காகப் பாதிரிமார்களோடு வாதாடிய ஹக்ஸ்லிதான் அவனுக்கு ஆசான். பின்னர்ப் பள்ளி ஆசிரியராகவும் இருந்த வெல்ஸ், 1895இல் ‘கால எந்திரம்’ எழுதினார். எட்டு இலட்சத்து இரண்டாயிரத்து எழுநூற்று ஒன்றாம் ஆண்டுக்குச் செல்கிறான் கதைத் தலைவன். மனித இனம் அங்கே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. மேலே வெளிச்சத்தில் ‘எலாய்’ என்போர். அழகுப் பதுமைகள், ஆனால் எதையும் அறியாதவர்கள். கீழே இருட்டில் ‘மார்லாக்’ என்போர். எந்திரங்களோடு எந்திரங்களாக வாழ்பவர்கள். மேலோர் பழம் தின்று பாடித் திரிகின்றனர். இரவானால் கீழோருக்கு அவர்களே இரை!

எப்படி வந்தது இந்த நிலை? ஒருவன் உழைக்க ஒருவன் உண்ட சமுதாயம் நெடுங்காலம் நீடித்ததன் விளைவு என்றார் வெல்ஸ். உழைப்பையும் சிந்தனையையும் பிறர் தலையில் ஏற்றியவன் நோயில்லாமல் வாழ்ந்தான், துன்பமில்லாமல் வாழ்ந்தான். கடைசியில் மூளையே இல்லாமல் வாழ்ந்தான். பச்சைப் பீங்கான் மாளிகையில் பழைய நூல்கள் மக்கிக் கிடக்கின்றன. படிப்பார் இல்லை, படிக்கத் தெரிந்தாரும் இல்லை. தொழிலாளியைச் சுரங்கத்துக்குள் தள்ளிவிட்டுத் தோட்டத்தில் விருந்துண்ட மேட்டுக்குடிக்கு விடுத்த எச்சரிக்கை அது.

இனி, இந்த வரலாற்றின் நடுமணியாக விளங்கும் கதைக்கு வருவோம். 1909ஆம் ஆண்டு நவம்பர் திங்களில், ஆக்ஸ்போர்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் பெயர் தாங்கிய இதழொன்றில் வெளிவந்தது. எழுதியவர் ஈ.எம்.பார்ஸ்டர், முப்பது வயது. பின்னர் இந்தியா வந்து, 1924இல் ‘இந்தியாவுக்கு ஒரு பயணம்’ என்ற நாவலை வெளியிட்டாரே, அவரேதான். கதையின் பெயர் ‘எந்திரம் நிற்கிறது’. வானொலி நிலையங்கள் வீட்டுக்கு வீடு பாடத் தொடங்காத காலம். தொலைக்காட்சி பிறக்காத காலம். அந்நாளில் பார்ஸ்டர் கண்ட எதிர்காலத்தைப் பாருங்கள்!

மக்கள் அனைவரும் நிலத்துக்கு அடியில் வாழ்கின்றனர். தேன்கூட்டின் கண்ணறைபோல் ஆறு மூலை அறை. ஆளுக்கு ஓர் அறை. பொத்தானை அழுத்தினால் உணவு, பொத்தானை அழுத்தினால் குளிக்க நீர், பொத்தானை அழுத்தினால் இசை. கையில் பிடித்த வட்டத் தட்டில், உலகின் மறுகோடியில் இருப்பவரின் முகம் தெரியும், குரல் கேட்கும். வஷ்டி என்னும் தாய் அப்படியோர் அறையில் அமர்ந்து ஆயிரக்கணக்கானோரோடு பேசுகிறாள், இசை வரலாறு குறித்துச் சொற்பொழிவாற்றுகிறாள். எல்லாம் நாற்காலியை விட்டு எழாமலே! அவள் மகன் குனோ உலகின் மறுபாதியில் இருக்கிறான். நேரில் வந்து பார் என்று தாயை அழைக்கிறான். தட்டில்தான் பார்க்கிறோமே, நேரில் எதற்கு? தாய்க்குப் புரியவில்லை. ஆயினும் வானூர்தியில் புறப்படுகிறாள். வழியில் தடுமாறி விழப்போனவளை ஊர்திப் பணிப்பெண் கைநீட்டித் தாங்குகிறாள். உடனே வந்தது சினம்! ஒரு மனிதரை இன்னொரு மனிதர் தொடுவதா? அந்த வழக்கமே ஒழிந்துபோய்விட்டதே!

அங்கேயும் தீண்டாமை, தோழர்களே! இங்கே சாத்திரம் கற்பித்தது. அங்கே சௌகரியம் கற்பித்தது.

மகன் குனோ செய்த குற்றம் என்ன? நடந்தான்! ஆம், கால்களால் நடந்தான். தன் அறைக்கு வெளியே இருந்த மேடையில் ஏறி இறங்கி, தூரம் என்பது என்ன என்று தன் உடம்பால் அளந்து பார்த்தான். நாள்தோறும் பயின்று தசைகளை வலுப்படுத்தினான். பழைய காற்றுக்குழாய் ஒன்றின் வழியே, அனுமதிச் சீட்டு இல்லாமல், தன் முயற்சியால் நிலத்தின்மேல் ஏறி வானத்தைக் கண்டான். அதற்குத் தண்டனை, வெளியே தள்ளிச் சாகவிடுவது என்று மிரட்டினார்கள். அந்த உலகில் பிறக்கும் குழந்தையைச் சோதிப்பார்கள். வலிவுடையதாகத் தோன்றினால் கொன்றுவிடுவார்கள். வலிமை அங்கே ஊனம்!

பார்ஸ்டரின் கூர்மை இதற்குமேல்தான் வெளிப்படுகிறது. அந்த மக்கள் தம்மை அறிவாளிகள் என்று எண்ணிக்கொண்டவர்கள். மதத்தை மூடநம்பிக்கை என்று எப்போதோ விட்டுவிட்டதாகப் பெருமை பேசியவர்கள். ஆனால் ஒவ்வோர் அறையிலும் ஒரு நூல் இருக்கிறது. எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று விளக்கும் எந்திரக் கையேடு. மனம் கலங்கினால் அதை எடுத்துத் தடவுகிறார்கள், முத்தமிடுகிறார்கள், முணுமுணுக்கிறார்கள். சிறிது காலத்தில் வெளிப்படையாகவே வழிபாடு தொடங்கிவிடுகிறது. எந்திரம் உணவளிக்கிறது, எந்திரம் உடுத்துகிறது, எந்திரமே எல்லாம் வல்லது! மனிதன் செய்த எந்திரம் என்பது மறந்துபோயிற்று. தச்சன் செய்த சிலை, கோயிலுக்குள் போனவுடன் தச்சனையே வெளியே நிறுத்தவில்லையா? அதே கதை!

பிறகு எந்திரம் பழுதாகத் தொடங்குகிறது. இசையிலே இடையிடையே முனகல். முறையிட்டார்கள், பதில் இல்லை, பழகிக்கொண்டார்கள். குளிக்கும் நீரில் நாற்றம், அதையும் பழகிக்கொண்டார்கள். கட்டில் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. பழுது பார்க்கும் கருவியே பழுதாகிவிட்டது. அதை யார் பழுது பார்ப்பது? முழு எந்திரத்தையும் அறிந்தவர் எவரும் உலகில் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மட்டுமே தெரியும். இறுதியில் ஒருநாள் எந்திரம் நின்றது. கோடி கோடி மக்கள் இருட்டில் மடிந்தனர். தாயும் மகனும் சாகும் தறுவாயில் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டனர். மேலே, நிலத்தின்மீது, எந்திரத்தால் துரத்தப்பட்டு மூடுபனியில் மறைந்து வாழ்ந்த சிலர் மட்டும் எஞ்சினர்.

வெல்சின் எந்திரச் சொர்க்கங்களுள் ஒன்றுக்கு மறுமொழியாகவே இக்கதையை எழுதியதாகப் பின்னாளில் பார்ஸ்டரே தெரிவித்தார். மனிதகுலம் எந்திரம் கண்டதால் அழியவில்லை. பழுதுக்குப் பழகிக்கொண்டதால் அழிந்தது. முதல் முனகல் கேட்டபோதே ‘ஏன்?’ என்று எழுந்து நின்றிருந்தால் அழிவு இல்லை. நம்மவர் எத்தனை நாற்றங்களுக்கு, எத்தனை நூற்றாண்டுகளாகப் பழகிப்போனார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இக்கதை நமக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது விளங்கும்.

1920இல் செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் ‘ஆர்.யூ.ஆர்.’ என்ற நாடகத்தை வெளியிட்டார். 1921இல் பிராகு நகரில் அரங்கேறியது. ‘ரோபாட்’ என்ற சொல்லை உலகுக்கு வழங்கிய நாடகம் அது. சொல்லைச் சொன்னவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெப். எங்கிருந்து எடுத்தார்? ‘ரோபாட்டா’ என்னும் செக் சொல்லிலிருந்து. பண்ணையாரின் நிலத்தில் குடியானவன் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்புக்குப் பெயர் அது. நம் பழங்கல்வெட்டுகள் ‘வெட்டி’ என்று குறிக்கின்றனவே, அதேதான்! இன்று உலகம் முழுவதும் வியந்து உச்சரிக்கும் அந்தப் புதுமைச் சொல்லின் வேரில், கொத்தடிமையின் வியர்வை காய்ந்து கிடக்கிறது. நாடகத்தில் ரோபாட்டுகள் எல்லா உழைப்பையும் ஏற்கின்றன. மனிதர் கைகட்டி அமர்கின்றனர். குழந்தைகள் பிறப்பதே நின்றுவிடுகிறது. ரோபாட்டுகள் கிளர்ந்தெழுந்து மனிதரை அழிக்கின்றன. ஒரே ஒருவரை மட்டும் விட்டுவைக்கின்றன. யாரை? முதலாளியையா? அறிஞரையா? இல்லை, கட்டடக்காரர் ஆல்குவிஸ்டை. ஏனென்றால் அவர் கையால் உழைக்கிறவர்!

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் அமெரிக்க எழுத்தாளர்கள் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். 1947இல் ஜாக் வில்லியம்சன் எழுதிய ‘கைகட்டி நின்று’ என்ற கதையில், மனிதருக்குத் தீங்கு நேராமல் காப்பதே எந்திரப் பணியாட்களின் கட்டளை. காத்தன, காத்துக் காத்து, கத்தியை எடுக்காதே, வண்டியை ஓட்டாதே, வேலை செய்யாதே என்று எல்லாவற்றையும் தடுத்தன. கொடுங்கோலனை எதிர்க்கலாம், அன்பாலே விலங்கு பூட்டுகிறவனை எப்படி எதிர்ப்பது?

ஐசக் அசிமாவ் மூன்று வயதில் பெற்றோரோடு உருசியாவிலிருந்து அமெரிக்கா வந்தவர். தந்தையின் மிட்டாய்க் கடையில் வேலை செய்துகொண்டே படித்து முன்னேறியவர். பிற்காலத்தில் அமெரிக்க மனிதநேயர் சங்கத்தின் தலைவராக விளங்கிய பகுத்தறிவாளர். எந்திரத்தை வெறுத்தவர் அல்லர். அவர் எழுதிய இரு கதைகளை ஆசிரியர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

1957இல் வந்த ‘தொழில்’ என்னும் கதையில் எவரும் படிப்பதில்லை. பதினெட்டு வயதில் ஒருநாள், நாடா ஒன்றிலிருந்து தொழிலறிவு முழுவதும் மூளையில் பதிக்கப்படும். ஜார்ஜ் என்ற இளைஞனுக்கு மட்டும், உன் மூளை இதற்கு ஏற்றதன்று என்று சொல்லி, மந்த அறிவினர் இல்லம் என்று பெயர் கொண்ட இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே நூல் படித்துக் கற்கிறார்கள். மானக்கேடு தாங்காமல் தப்பி ஓடுகிறான். போட்டியொன்றில் தன் நண்பன் தோற்பதைக் காண்கிறான். போட்டியில் வைத்த புதுவகைக் கருவி நண்பனின் நாடாவில் இல்லை, ஆகவே தெரியவில்லை. நூலைப் படித்துத் தெரிந்துகொள்ளலாமே என்றால், அப்படியும் செய்யலாம் என்பதே நண்பனுக்குத் தோன்றவில்லை! அப்போது ஜார்ஜுக்குப் பொறி தட்டுகிறது: நாடாவில் இருக்கும் அறிவை முதன்முதலில் கண்டவன் யார்? எந்த நாடாவிலிருந்து அவன் கற்றான்? விடை தெரிகிறது. தானே சிந்திக்க வல்லவர்களைத்தான் அந்த இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். நாடாக்களைப் படைப்பவர்கள் அவர்கள்தாம்.

1958இல் வந்தது ‘ஆற்றல் தரும் உணர்வு’. கணிப்பொறியை நம்பி நம்பிக் கூட்டல் பெருக்கலையே மறந்துவிட்ட உலகம். கடைநிலைப் பணியாளன் ஒருவன், தாளும் எழுதுகோலும் கொண்டு பெருக்கிக் காட்டுகிறான். தலைவர்கள் திகைக்கிறார்கள். அடுத்து என்ன செய்தார்கள்? கணிப்பொறி விலை மிகுந்தது; மனித உயிர் மலிவு; ஏவுகணைக்குள் கணிப்பொறிக்கு மாற்றாக மனிதனையே வைத்து அனுப்பலாம் என்று திட்டமிட்டார்கள்! கண்டுபிடித்தவன் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்டான். அறிவு வளர்ந்தால் மட்டும் போதாது, அந்த அறிவு யார் கையில் இருக்கிறது என்று பார் என்கிறது கதை.

1965இல் பிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டூன்’ வெளிவந்தது. சிந்திக்கும் எந்திரங்களை எதிர்த்துப் பெரும் போர் நடந்து, அவை அடியோடு அழிக்கப்பட்டபின் அமைந்த உலகம் அது. அந்தப் போருக்கு ஹெர்பர்ட் இட்ட பெயரிலே ‘பட்லர்’ என்ற சொல் ஒலிக்கிறது! எந்திரம் ஒழிந்ததால் மனிதர் தம் மனத்தைப் பயிற்றுகிறார்கள். ‘மென்டாட்’ என்போர் கணிப்பொறிபோல் கணக்கிட வல்லவர்கள். பெண்கள் கூட்டம் ஒன்று உடலின் ஒவ்வொரு நரம்பையும் ஆளப் பயில்கிறது. ஆகா, மனித வளர்ச்சியின் வெற்றி என்று கைதட்டத் தோன்றுகிறதல்லவா? பொறுங்கள்! அந்த உலகில் பேரரசன் இருக்கிறான், பிரபுக்கள் இருக்கிறார்கள், பிறப்பால் உயர்வு தாழ்வு இருக்கிறது. அந்தப் பெண்கள் கூட்டம், ஏழை மக்கள் வாழும் கோள்களில் முன்கூட்டியே புராணக் கதைகளைப் பரப்பி வைக்கிறது. தேவைப்படும்போது அந்த நம்பிக்கையைத் தனக்குப் பயன்படுத்திக்கொள்ள! எந்திரம் போயிற்று, புரோகிதம் போகவில்லை. மனப்பயிற்சி ஒரு சிலரின் உடைமையானால், அதுவும் மக்களை அடக்கும் மற்றொரு கருவிதான். ஆக, எந்திரத்தை உடைத்தால் விடுதலை வந்துவிடும் என்று நம்புவோர் ‘டூன்’ உலகத்தை ஒருமுறை சுற்றிப் பார்க்கட்டும்.

‘கருவியை அஞ்சுவது பிற்போக்கல்லவா?’ என்று கேட்கலாம். சரியான கேள்வி. எழுத்து வந்தால் நினைவாற்றல் அழியும் என்று ஓர் எகிப்திய மன்னன் அஞ்சியதாகச் சாக்ரட்டீசு சொல்வார், பிளேட்டோவின் உரையாடலில். அந்த அச்சத்தை நாம் அறிந்ததே, பிளேட்டோ அதை எழுதி வைத்ததால்தான்! எழுத்து மனிதனைத் தேய்க்கவில்லை; உயர்த்தியது. இங்கே தமிழகத்திலும், 1940களில் ‘இனி வரும் உலகம்’ தீட்டிய பெரியார், ஒவ்வொருவரும் கம்பியில்லாச் செய்திக் கருவியைத் தம்மிடமே வைத்திருப்பர், ஒருவர் உருவத்தை ஒருவர் கண்டு பேசுவர் என்று எதிர்நோக்கினார். பார்ஸ்டர் அஞ்சிய அதே கருவிதான். ஆனால் பெரியார் அதை வரவேற்றார். உடலை வருத்தும் உழைப்பின் சுமை குறையும் என்று மகிழ்ந்தார். கழிவுத்தொட்டிக்குள் மனிதன் இறங்குவதைத் தடுக்க 2013இல் சட்டம் வந்த பிறகும், இறங்கி மூச்சடைத்து மாளும் செய்தி வந்துகொண்டுதானே இருக்கிறது? அங்கே எந்திரம் இறங்கட்டும்! அதை வேண்டாம் என்று சொல்பவன் மனிதனே அல்லன். ‘ரோபாட்டா’ எந்திரத்துக்குப் போகட்டும்; கேள்வி மனிதனிடம் இருக்கட்டும்.

கேள்வியையும் எந்திரத்திடம் ஒப்படைத்தால் என்னவாகும்? கதை வேண்டாம், நடந்ததையே சொல்கிறேன். பிரிட்டனில், 1999 முதல், கிளை அஞ்சலகங்களில் ‘ஹொரைசன்’ என்ற கணிப்பொறிக் கணக்குமுறை புகுத்தப்பட்டது. கணக்கிலே பணம் குறைவதாக அது காட்டியது. அஞ்சலகம் நடத்தியோர் எடுக்கவில்லை என்றனர். பிழை கணிப்பொறியில் இருக்கலாம் என்றனர். யார் கேட்டார்கள்? எந்திரம் பொய் சொல்லுமா? 2015 வரை தொடர்ந்த வழக்குகளில் 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். வீடிழந்தோர் உண்டு, சிறை சென்றோர் உண்டு, உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. 2019இல்தான் உயர்நீதிமன்றம் அந்த முறையில் பிழைகள் இருந்ததை உறுதிப்படுத்தியது. 2024இல் தனிச்சட்டம் இயற்றித் தீர்ப்புகளைத் துடைத்தெறிந்தனர். போன உயிர் வருமா? ‘சாமி குத்தம்’ என்று சொல்லி ஒருவனைத் தண்டித்தால் மூடத்தனம் என்கிறோம். ‘கணிப்பொறி சொல்லிவிட்டது’ என்று தண்டித்தால் அது மட்டும் நாகரிகமா?

நான் பள்ளி ஆசிரியன். கைக்கருவி விடை சொல்லும்போது நாங்கள் ஏன் மூளையை வருத்திக்கொள்ள வேண்டும் என்று மாணவர் கேட்கின்றனர். அந்தக் கேள்வியை அதட்டி அடக்குவது ஆசிரியர்க்கு அழகன்று. வீட்டில் படித்தவர் ஒருவரும் இல்லாத பிள்ளைக்கு அந்தக் கருவி பெருந்துணை என்பதையும் நான் மறுக்கவில்லை. ஐயத்தைக் கேட்டால் ஏளனம் செய்யாது, குலம் கேட்காது, கோபப்படாது. படிக்காதே என்று தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது கிடைத்திருப்பது நன்மையே. அதனாலேயே அச்சமும் கூடுகிறது. மூன்று தலைமுறை போராடிப் பெற்ற படிப்பை, நான்காம் தலைமுறை பொத்தானிடம் ஒப்படைத்துவிடக் கூடாதல்லவா? வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளை நாடாவைப் படைக்கக் கற்பதும், ஏழை வீட்டுப் பிள்ளை நாடாவைப் பதித்துக்கொள்ள மட்டும் கற்பதும் தொடர்ந்தால், புதிய வருணாசிரமம் ஒன்று பிறந்துவிடும். அதற்கு மனு தேவையில்லை, மின்சாரம் போதும்.

ஆகவே என் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கருவியிடம் கேளுங்கள், கேட்டபின் அதைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள். எப்படித் தெரியும்? யார் சொன்னது? தவறாக இருந்தால் எவன் தலை உருளும்? யாருக்கு இலாபம்? கோயிலிலும், கட்சி மேடையிலும், வகுப்பறையிலும் கேட்க வேண்டிய அதே கேள்விகள். எதையும் கேள்வி கேட்கும் துணிவே பகுத்தறிவு. எந்திரத்துக்கு அதிலிருந்து விலக்களிக்க முடியாது.

அசிமாவின் கணக்குக் கதை முடியும் இடத்தை இங்கே நினைவுகூர்வோம். ஏவுகணையும் போர்த்திட்டமும் ஒருபுறம் இருக்க, அதிகாரிகளுள் ஒருவன் மனத்துக்குள் மெல்லப் பெருக்கிப் பார்க்கிறான். ஒன்பதேழ் அறுபத்துமூன்று. எந்திரத்தைக் கேட்கவில்லை, எவரையும் கேட்கவில்லை, விடை அவன் தலைக்குள்ளிருந்தே வந்தது. அந்த நொடியில் அவனுக்குள் ஓர் ஆற்றல் பிறக்கிறது. நம் பாட்டனுக்கு அந்த அறுபத்துமூன்று மறுக்கப்பட்டது. நம் தந்தை அதற்காகப் பல கல் தொலைவு நடந்தார். நம் பிள்ளைகள் அதைத் தாமே கண்டறியட்டும்; கண்டறிந்தபின், எந்திரம் சொல்வதும் அறுபத்துமூன்றுதானா என்று சரிபார்க்கட்டும்.